டெல்டாவின் பழைய ஆலயங்கள்: மார்கழி மாத வேலைப் பயணத்தின் ஊடே

கேள்வி, டிசம்பர் 6

அலுவலக வேலையாக ஜனவரி நடுப்பகுதி வரை தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் காரில் சுற்ற வேண்டியிருக்கிறது. மாலை நேரங்கள் பெரும்பாலும் என் கையில். பழைய தேவாலயங்களைப் பார்க்க ஆசை. டெல்டா என்றால் சோழர் கோயில்கள்தான், வேளாங்கண்ணியை விட்டால் அங்கே பழைய தேவாலயம் என்று எதுவும் கிடையாது என்கிறார் நண்பர் ஒருவர். அப்படித்தானா?

டிசம்பர் 6, இரவு

இல்லவே இல்லை. உங்கள் நண்பர் தரங்கம்பாடிப் பக்கம் போயிருக்க மாட்டார்.

நான் அரிசி ஆலைகளின் எடைமேடைகளைச் சரிபார்க்கும் தொழிலில் இருப்பவன். சம்பா அறுவடை தொடங்கும் முன்பு ஆலைக்காரர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் கூப்பிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எடைமேடைக் குழிக்குள் தண்ணீர் இறங்கி எடை தவறியிருக்கும். அதனால் மார்கழி முழுவதும் எனக்குக் காரில்தான் வாழ்க்கை. வேலை முடிந்து திரும்பும் வழியில் எந்த ஊரில் பழைய மணிக்கூண்டு தெரிந்தாலும் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன்.

முதலில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். தரங்கம்பாடியில் சீயோன் ஆலயமும் புதிய ஜெருசலேம் ஆலயமும். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் பொறையாறு பெத்லகேம் ஆலயம். நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய தூய பேதுரு ஆலயம். தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவுக்குள் ஸ்வார்ட்ஸ் ஆலயம். கொள்ளிடத்தைத் தாண்டினால் வீரமாமுனிவரின் ஏலாக்குறிச்சி. கல்லணைப் பக்கம் வேலை இருந்தால் பூண்டி. இவற்றுக்கு நடுவே, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஓட்டுக்கூரைச் சிற்றாலயங்கள் வயல்களுக்கிடையே பல உண்டு. எனக்கு அவைதான் உயிர். அவற்றைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

டிசம்பர் 7

அவசரமாக ஒன்று. கொள்ளிடக் கரைச் சாலையிலும் வயல்வெளிச் சாலைகளிலும் விடியற்காலையில் ஓட்டாதீர்கள். பனி தரையோடு படிந்து கிடக்கும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் கண்ணில் படும்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது. வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். வேலை காத்திருக்கும்.

டிசம்பர் 10

தரங்கம்பாடி பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள். மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை ஊர் அவர்கள் கையில்தான் இருந்தது. நகர வாசலைக் கடந்து ராஜ வீதியில் நுழைந்தால் கடல்வரை நேர் கோடு. இரண்டு ஆலயங்களும் அந்த ஒரே வீதியில்தான் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு, ஆலயங்களின் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு மீன் வறுவல் சாப்பிடப் போய்விடுகிறார்கள். உள்ளே போக வேண்டும்.

1706 ஜூலையில் லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) சபையின் ஜெர்மானிய மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கினார்கள். மறு ஆண்டே சீகன்பால்கு சிறியதாக ஒரு ஆலயம் கட்டினார். அது நிலைக்கவில்லை. இப்போது நாம் பார்க்கும் புதிய ஜெருசலேம் ஆலயம் 1718-இல் முடிந்தது. நான்கு கைகளும் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள சிலுவை வடிவக் கட்டடம். முகப்பில் ஒரு கிரீடம், அதனடியில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் பெயரெழுத்துகள், ஆண்டு. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சீகன்பால்கு காலமானார். வயது 36. அவரை அடக்கம் செய்தது இந்த ஆலயத்துக்குள்தான், பீடத்தின் முன்பு. அந்தச் சிறிய வயதுக்குள் தமிழைக் கற்று, தமிழ் அச்சுக்கூடத்தை நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715-க்குள் அச்சிட்டு முடித்துவிட்டார். அச்சிடத் தாள் போதவில்லை என்று பொறையாறில் காகிதப் பட்டறையே தொடங்கினார்கள். நான் அந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பட்டறையை நினைத்துக்கொள்வேன். கப்பல் வரட்டும் என்று காத்திருக்காமல் தாளையே இங்கே செய்யலாம் என்று துணிந்தவர்கள் அவர்கள்.

பீடத்தருகே நின்று மேலே பாருங்கள். சுவரின் கனத்தைச் சன்னல் குழியில் கை வைத்து அளந்து பாருங்கள். என் முழங்கை உள்ளே போய்விடும். கடற்காற்று முந்நூறு ஆண்டுகளாக அறைந்துகொண்டிருக்கும் கட்டடம் இது. அதே கரையில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 சுனாமியும் இந்த ஊரின் மேல் ஏறி வந்தது.

டிசம்பர் 11

"டேனிஷ் ஆலயம் எது, சீயோனா ஜெருசலேமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சீயோன்தான் மூத்தது, 1701. கோட்டையிலிருந்த டேனிஷ்காரர்கள் தங்கள் வழிபாட்டுக்குக் கட்டிக்கொண்டது. ஜெருசலேம் தமிழ்ச் சபைக்காக எழுந்தது. இன்று சீயோன் தென்னிந்தியத் திருச்சபையிடமும், ஜெருசலேம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிடமும் இருக்கின்றன. எனவே சாவி இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று பூட்டியிருக்கிறது என்பதற்காக மற்றொன்றும் பூட்டியிருக்கும் என்று திரும்பிவிடாதீர்கள்.

டிசம்பர் 14

தஞ்சாவூர். பெரிய கோயிலுக்கு வருகிறவர்களில் மிகச் சிலரே பக்கத்துச் சிவகங்கைப் பூங்காவுக்குள் இருக்கும் ஸ்வார்ட்ஸ் ஆலயத்துக்கு வருகிறார்கள். உள்ளே வெண்சலவைக் கல்லில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செய்தது. மரணப் படுக்கையில் ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ், அவர் கையைப் பற்றியபடி மன்னர் சரபோஜி, தலைமாட்டில் சக மிஷனரி கெரிக்கே, காலடியில் பள்ளிச் சிறுவர்கள். மன்னரின் கையும் போதகரின் கையும் சேரும் இடத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒருவர் விரல்கள் இறுகியிருக்கின்றன, மற்றவர் விரல்கள் தளர்ந்திருக்கின்றன. தஞ்சாவூரைக் கண்ணால் பார்த்திராத சிற்பி, மன்னரின் தலைப்பாகையையும் உடையையும் எவ்வளவு அக்கறையோடு செதுக்கியிருக்கிறார்!

ஸ்வார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டில்தான் சரபோஜி அரியணை ஏறினார். துளஜா மன்னர் தம் கடைசி நாட்களில் தத்தெடுத்த பிள்ளையை ஸ்வார்ட்ஸின் பாதுகாப்பில் விட்டார். அந்தப் பிள்ளையின் உரிமைக்காக ஸ்வார்ட்ஸ் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். தம் ஆசிரியரின் உழைப்பு பலித்த நாளை அவருக்குக் காட்ட மன்னரால் முடியவில்லை. அதைத் தெரிந்துகொண்டு சிற்பத்தின் முன் நில்லுங்கள்.

ஸ்வார்ட்ஸின் கல்லறை இங்கே இல்லை. அது தஞ்சாவூரிலேயே உள்ள தூய பேதுரு ஆலயத்தில் இருக்கிறது (நாகப்பட்டினத்து ஆலயம் அல்ல). இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

டிசம்பர் 15

"1779-இல் சரபோஜி மன்னர் ஸ்வார்ட்ஸின் மேல் கொண்ட அன்பால் கட்டிய ஆலயம்" என்று ஒரு சுற்றுலாக் கையேட்டில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியம் ஊர் ஊராக நகல் எடுக்கப்பட்டு வருகிறது. இரண்டாம் சரபோஜி பிறந்தது 1777-இல். இரண்டு வயதுக் குழந்தை ஆலயம் கட்டியிருக்க முடியாது. 1779-இல் தஞ்சையை ஆண்டவர் துளஜா. சரபோஜியின் அன்புக்குச் சாட்சி அந்தச் சிற்பம், கட்டடம் அல்ல. தயவுசெய்து அந்த வாக்கியத்தை இனியாவது யாரும் பரப்பாதீர்கள். நல்ல செய்தி ஒன்றைத் தவறான ஆண்டோடு முடிச்சுப் போட்டால் நல்ல செய்தியையும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பு டெல்டாவைச் சூறையாடியபோது குடியானவர்கள் வயலைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். விளைந்த நெல்லுக்குப் பணம் வரும் என்று யார் சொன்னாலும் நம்பவில்லை. ஸ்வார்ட்ஸ் வாக்குக் கொடுத்த பிறகே திரும்பி வந்து உழுதார்கள். நெல்லை எடைபோட்டுப் பிழைக்கும் ஊர்களில் சுற்றுகிறவன் என்பதால் எனக்கு இதுதான் அவருடைய பெரிய செயலாகத் தெரிகிறது. பிறர் சொன்ன விலையையும் சொன்ன எடையையும் விவசாயி ஒருவர் நம்புவது எத்தனை அரிது என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 19

இப்போது அந்தச் சிற்றாலயங்கள். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மற்றவற்றைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, இவற்றுக்காகப் பேச ஆள் இல்லை.

நேற்று மயிலாடுதுறைக்குத் தெற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம், சபையார் மனம் நோகக் கூடாது. வாய்க்கால் ஓரத்தில் சிறிய ஆலயம், வாசலில் ஈச்சம் ஓலைக் குடில், மேலே காகித நட்சத்திரம். உபதேசியார் (ஊர்ச் சபையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்) வீட்டில் சாவி வாங்கித் திறந்தேன். உள்ளே தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பளபளப்பான டைல்ஸ். அதற்கு மேலே எமல்ஷன் பெயின்ட், இளம் ரோஜா நிறம். இரண்டும் சந்திக்கும் கோட்டுக்குச் சற்று மேலே சுவர் முழுவதும் பொரிந்து கிடந்தது. விரலால் தொட்டேன். பெயின்ட் தோல் போல உரிந்தது, உள்ளே வெள்ளையாய் உப்புப் பூ, அதன் பின்னால் செங்கல் மாவாக உதிர்ந்தது. ஒரு பிடி செங்கல் மாவு என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

"போன வருஷம்தானே ஐயா இவ்வளவு செலவு செய்தோம், ஏன் இப்படி?" என்று கேட்டார் உபதேசியார். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பிய பணம். அவ்வளவும் அன்பால் செய்தது. அதனால்தான் சொல்வதற்கே வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

பழைய சுவருக்கு அடியில் ஓதம் தடுக்கும் அடுக்கு கிடையாது. டெல்டாவில் மழைக்குப் பிறகு நிலத்தடி நீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். சுவர் அதை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் காலக் கொத்தனார்களுக்கு இது தெரியும். அதனால்தான் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். கடற்கரைப் பக்கம் கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய் ஊறவைத்த நீர், வெல்லம். சுண்ணாம்புக்கு மூச்சு உண்டு. உள்ளே ஏறிய ஈரம் அதன் வழியாகவே வெளியேறி வெயிலில் காய்ந்துவிடும். உப்பு காரையில் தங்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காரையைக் கொத்திப் புதிதாகப் பூசுவார்கள், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமென்ட்டும் டைல்ஸும் வந்து அந்த வாசலை அடைத்துவிட்டன. அடைபட்ட ஈரம் என்ன செய்யும்? மேலே ஏறும். டைல்ஸ் முடியும் இடத்தில் வழி கிடைத்ததும் அங்கே வெளியே வரும், உப்பைச் செங்கல்லுக்குள்ளேயே விட்டுவிட்டு. உப்பு படிகமாகும்போது விரிந்து செங்கல்லைப் பிளக்கும்.

இதை வைகாசியில் போய்ப் பார்த்தால் தெரியாது. சுவர் காய்ந்து நல்ல பிள்ளையாக நிற்கும். மார்கழியில்தான் உண்மை சுவரில் எழுதியிருக்கும். ஆகவே குளிர்காலத்தில் போகிறீர்களே என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். கட்டடத்தைப் படிக்க இதுதான் பருவம்.

டிசம்பர் 19, சற்றுக் கழித்து

சாலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள். ஏறிப் போக வேண்டிய ஆலயத்துக்கு இப்போது இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழைநீர் நேரே வாசலுக்கு. எந்தச் சிற்றாலயத்துக்குப் போனாலும் முதலில் படிகளைப் பாருங்கள். அடிப் படி மண்ணுக்குள் புதைந்திருந்தால் சுவரின் கதி உள்ளே போகாமலேயே தெரிந்துவிடும்.

டிசம்பர் 20

சாவி: கத்தோலிக்க ஆலயம் என்றால் பங்குச் சாமியாரிடம், லுத்தரன் என்றால் உபதேசியாரிடம் அல்லது ஐயரிடம் (சபைப் போதகரை அப்படித்தான் அழைப்பார்கள்). செருப்பை வெளியே விடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் இரவு பஜனை முடித்து வந்து அவர்கள் தூங்கியிருக்கவே மாட்டார்கள், மதியம் கதவைத் தட்டாதீர்கள்.

டிசம்பர் 26

"இந்த ஆலயங்களைப் பற்றி இத்தனை பரவசம் ஏன், அங்கேயும் சாதி இருந்ததே" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் நியாயமானது. மேலே ஸ்வார்ட்ஸைப் புகழ்ந்த இடத்தில் இதுவும் வந்திருந்தால்தான் சித்திரம் முழுமையாகும்.

டெல்டாவின் பழைய சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. 1733-இல் தரங்கம்பாடியில் முதல் தமிழ் லுத்தரன் குருவாக ஆரோன் பட்டம் பெற்றார். அவர் வேளாளர். தஞ்சைப் படையில் சிப்பாயாக இருந்து, பின் உபதேசியாராகி, தஞ்சை வட்டாரத்தில் சபைகளை வளர்த்த ராஜநாயக்கனுக்கு அந்தப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் பறையர். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கடிதம் எழுதியபோது தஞ்சைச் சபையில் பலர் வெளியேறினார்கள். ஸ்வார்ட்ஸ் வளர்த்த பிள்ளையும் சரபோஜியின் பள்ளித் தோழரும் பெரும் கவிஞருமான வேதநாயக சாஸ்திரியாரே பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார்.

இவ்வளவும் தெரிந்துதான் போகிறேன். ஜெருசலேம் ஆலயத்தின் நான்கு கைகளுக்கும் நடுவில் நிற்கும்போது, யார் எந்தக் கையில் உட்கார வைக்கப்பட்டார் என்று நினைக்காமல் இருக்க முடியாது. ராஜநாயக்கனின் பெயரைச் சத்தமாகச் சொல்லவாவது போக வேண்டும் என்பேன். சீகன்பால்குவின் பெயர் தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியாதது எனக்கு வருத்தம்.

ஜனவரி 3

புத்தாண்டு வேலை நெருக்கடியில் இப்பக்கம் வரவில்லை. ஏலாக்குறிச்சிக்கு நேற்றுப் போய்வந்தேன். திருவையாறு, விளாங்குடி வழியாகக் கொள்ளிடப் பாலம் ஏறினால் திருமானூர், அங்கிருந்து பிரியும் சாலை. கொள்ளிடத்தில் இந்த ஆண்டு தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி, வீரமாமுனிவராகித் தங்கியிருந்த ஊர். அடைக்கல மாதா ஆலயம். அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவை என்ற கடுமையான கட்டி வீரமாமுனிவரின் வைத்தியத்தால் குணமாகி, மழவராயர் நிலம் கொடுத்தார் என்பது ஊரின் நம்பிக்கை. பூக்கடைப் பெண்மணி ஒருவர் அதை நேற்று நடந்தது போலச் சொன்னார். "உங்களுக்கு எங்கே வலி தம்பி?" என்றும் கேட்டார். காரில் உட்கார்ந்தே முதுகு போய்விட்டது என்றேன். மெழுகுவர்த்தி ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தரங்கம்பாடியையும் ஏலாக்குறிச்சியையும் ஒரே பயணத்தில் பார்க்கச் சொல்வேன். அங்கே லுத்தரன்கள், இங்கே கத்தோலிக்கர்கள்; இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கடுமையாக மறுத்துத் தமிழில் எழுதித் தள்ளியவர்கள். அங்கே அச்சுக்கூடம், இங்கே ஓலைச்சுவடி. யார் வென்றார்கள் என்பது அவரவர் நம்பிக்கை. அந்தச் சண்டையில் தமிழ் உரைநடைக்குக் கிடைத்த பயிற்சி நமக்கெல்லாம் சொத்து.

பூண்டிக்கும் போகலாம். அதுவும் வீரமாமுனிவர் தொடங்கியதாகவே சொல்கிறார்கள். 1999-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. யாத்திரைக் கூட்டம் எப்போதும் இருக்கும், எனக்கு அங்கே கட்டடம் பார்க்க மனம் ஒட்டவில்லை. வழிபடப் போகிறவர்களுக்கு வேறு அனுபவமாக இருக்கும்.

கல்லறைத் தோட்டங்களைப் பற்றிக் கேட்டவருக்கு: நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்காகப் புல்லை வெட்டிச் சுத்தம் செய்திருப்பார்கள். மழையில் மறுபடி முளைத்தாலும் தை மாதம்வரை கல்லெழுத்து படிக்கக் கிடைக்கும். சாய்ந்த வெயில்தான் வேண்டும், மாலை நாலரைக்கு மேல். சாக்பீஸ் தேய்த்துப் படிக்கும் பழக்கம் வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே எழுத்து எழும்.

ஜனவரி 9

டிசம்பர் 19 குறிப்பைப் படித்துவிட்டுக் கும்பகோணம் பக்கத்துச் சபைக் குழு உறுப்பினர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்களும் சுவருக்கு டைல்ஸ் போட இந்த மாதம் ஒப்பந்தம் பேசியிருந்தார்களாம், நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மனம் நிறைந்த நன்றி. என்ன செய்யலாம் என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்தது இது.

இப்போது சுவரைத் தொடாதீர்கள். முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் வெளியே போக வாய்க்கால் வெட்டுங்கள். சுவரைச் சுற்றி உயர்ந்துவிட்ட மண்ணை ஒரு அடி வெட்டி எடுங்கள், சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டிருந்தால் சுவரை ஒட்டிய பகுதியையாவது உடையுங்கள். சித்திரையில், வெயில் தகிக்கும்போது, வடக்குச் சுவரில் ஒரே ஒரு சன்னல் அகலத்துக்கு மட்டும் சிமென்ட் பூச்சைக் கொத்திப் பாருங்கள். சுத்தியலை மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள், செங்கல்லோடு பெயர்ந்து வரும். இரண்டு மாதம் திறந்தே கிடக்கட்டும். ஆவணிக்குள் சுண்ணாம்பு பூசி முடித்துவிட வேண்டும், ஐப்பசி மழைக்கு முன் அது இறுக நாள் தேவை. பெரிய கோயில் திருப்பணிகளில் வேலை செய்த கொத்தனார்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோயிலுக்குச் சுண்ணாம்பு அரைத்த கைக்கு ஆலயச் சுவரும் ஒன்றுதான். கூலி சிமென்ட் வேலையைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள். வெள்ளையடிக்கவும் சுண்ணாம்பே போதும், எந்தக் கடைக்காரர் எந்த டப்பாவைக் காட்டினாலும் வாங்காதீர்கள்.

சபைக் கூட்டத்தில் எதிர்ப்பு வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். அடுத்த வாரம் வலங்கைமானில் ஒரு ஆலையில் வேலை இருக்கிறது, மாலையில் வந்துவிடுவேன்.